வலையைத் தள்ளச் சொன்னவர்

முப்பத்தோரு வருடத்தில் அம்பயர்கள் ஆல்வின் மராக்கை நாற்பத்தேழு முறை மைதானத்தை விட்டு வெளியே அனுப்பியிருக்கிறார்கள். எண்ணி வைத்திருந்தது அவரல்ல, அவர் மனைவி ரோஸலி. பெஞ்சுக்குப் பின்னால் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து பின்னிக்கொண்டிருப்பாள். கணவன் தொப்பியைக் கழற்றி எறிந்துவிட்டு அம்பயரை நோக்கி நடக்க ஆரம்பித்ததும், ஊசியையும் நூலையும் பைக்குள் போட்டுக் கார் சாவியைக் கையில் எடுத்துக்கொள்வாள். அனேகமாக அவள் கணிப்பு சரியாகவே இருக்கும்.

டெக்சஸில் ப்ளம் க்ரீக் என்கிற சின்ன ஊர்க் கல்லூரிக்கு 1962-இல் பேஸ்பால் கோச்சாக வந்தபோது மராக்குக்கு வயது இருபத்தெட்டு. பருத்தி விவசாயியின் மகன். இரண்டு வருடம் கீழ்மட்டத் தொழில்முறை அணியொன்றில் பந்து பிடிக்கும் கேட்சராகக் குந்தியிருந்து முழங்காலைக் கெடுத்துக்கொண்டவர். கல்லூரி அவருக்குக் கொடுத்தது ஒரு மேய்ச்சல் நிலமும் ஒரு பழைய பஸ்ஸும். நிலத்தை அவரே சமன்செய்தார், புல் வெட்டினார், கோடு போட்டார். பஸ்ஸையும் அவரே ஓட்டினார். ஆட்டத்தன்று காலையில் மழை பெய்து களிமண் சேறாகிவிட்டால், அதைக் காயவைக்கப் பெட்ரோலை ஊற்றித் தீ வைப்பார். கரும்புகை தண்ணீர்த் தொட்டி உயரத்துக்கு எழும்பும். அதைப் பார்த்ததும் கடைத்தெருவில், "மராக் மழையோட சண்டை போட ஆரம்பிச்சுட்டாருய்யா. மத்தியானம் ஆட்டம் உண்டு" என்பார்கள்.

அவருடைய கோபத்தைப் பற்றி ஊரில் கதைகள் ஏராளம். ஒரு முறை மூன்றாவது பேஸுக்குச் சறுக்கி வந்து தொட்டுவிட்ட பையனை அவுட் என்று சொல்லிவிட்டார் ஆர்வில் பெட்ரிக் என்ற அம்பயர். மராக், மூன்றாவது பேஸ் என்கிற அந்தத் திண்டைத் தரையிலிருந்து பிடுங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய் பஸ்ஸில் உட்கார்ந்துவிட்டார். பெட்ரிக் பஸ் வாசலுக்கு வந்து நின்றார்.

"மராக், பேஸைக் கொடுய்யா. ஆட்டம் நடக்கணும்."

"உனக்கு எதுக்குய்யா பேஸு? அது எங்க இருக்குன்னே உனக்குத் தெரியல."

பையன்கள் இந்தக் கோபத்தில் ஒதுங்கி நின்று குளிர்காய்ந்தார்கள். தங்களுக்காக ஒரு பெரியவர் இப்படிக் கத்துவதை அவர்களில் பலர் வேறெங்கும் பார்த்ததில்லை. அவர்களையும் அவர் திட்டாமல் இல்லை. ஐந்து நிமிடம் பிந்தி வந்தவன் வேலியைச் சுற்றிப் பத்து முறை ஓட வேண்டும். ஆனால் ஒரு தகப்பன், படித்தது போதும் என்று மகனை எண்ணெய்க் கிணற்று வேலைக்கு இழுத்துப்போக வந்தபோது, அந்த ஆளின் வண்டி முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றவரும் அவர்தான். "என்மேல ஏத்திட்டுப் போ" என்றார். தகப்பன் இன்ஜினை அணைத்தார். பையன் பட்டம் வாங்கினான்.

எழுபதுகளின் நடுவில் அலுமினியப் பேட்டுகள் வந்தன. முதல் நாளே அந்தச் சத்தம் அவருக்குப் பிடிக்கவில்லை. "பந்தை அடிக்கற சத்தமாய்யா இது? பால் கேனை உதைச்ச மாதிரி இருக்கு" என்றார். ஆனால் மரப் பேட்டுகள் உடைந்துகொண்டே இருந்தன, கல்லூரியோ வாங்கித் தரவில்லை. அலுமினியம் உடையாது. ஒரே வருடத்தில் அவரும் மாறிவிட்டார். பிறகு 1983-இல் பேட் கம்பெனியிலிருந்து கிப் லேண்டர்ஸ் என்கிற ஆள் வந்தான். பளபளக்கும் பூட்ஸ், எல்லோர் பெயரையும் ஞாபகம் வைத்திருக்கும் சிரிப்பு. வருடாவருடம் அணிக்குப் பேட்டுகள் இலவசம். கோச்சுக்கு "ஆலோசகர்" என்ற பெயரில் ஒரு காசோலை. மற்றக் கல்லூரிக் கோச்சுகளில் பாதிப் பேர் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன ஆலோசனை சொன்னே நீ?" என்று கேட்டாள் ரோஸலி.

"ஒண்ணும் சொல்லல."

"அப்ப வாயை மூடிக்கிட்டு இருக்கறதுக்குத்தான் கொடுக்கறாங்க போல."

அவர் சிரித்தார். அந்தப் பணத்தில் வீட்டுக்குக் கூரை மாற்றினார்கள்.

டெரல் பிகம் வந்தது 1989-இல். மேற்கே மூன்று மணி நேரம் தள்ளி, எண்ணெய் வற்றிப்போன ஓர் ஊர்க்காரன். அம்மா நடீன் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. அப்பா இல்லை. இடக்கையால் பந்து வீசும் பிட்சர். அவன் கையிலிருந்து பந்து புறப்படுவதை முதன்முதலாகப் பார்த்த அன்று மராக் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் கூடத்தில் நடந்துகொண்டே இருந்தார். பெரிய அணிகளிலிருந்து ஆட்கள் நோட்டுப் புத்தகத்தோடு வர ஆரம்பித்தார்கள். மூன்றாம் வருடப் படிப்பு முடிகிற ஜூனில் அவனை எடுத்துக்கொள்வார்கள் என்பது நிச்சயமாகி இருந்தது.

1991 பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை. வடக்கிலிருந்து காற்று அறைந்துகொண்டிருந்தது. கிப் லேண்டர்ஸ் புது மாதிரிப் பேட்டுகள் ஐந்தைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தான். இன்னும் கடைக்கு வராதவை. உலோகச் சுவர் முன்னைவிட மெலிசு, பந்து பட்டதும் உள்வாங்கித் தெறிக்கும். ரே ஒல்சோவ்ஸ்கி என்ற கேட்சர் பையன் அதை எடுத்து மூன்று பந்துகளை வேலிக்கு மேலே அனுப்பினான். கிப் சிரித்துக்கொண்டே இருந்தான்.

பயிற்சி என்பதால் பந்து வீசும் மேட்டுக்கு முன்னால், குழாய்ச் சட்டத்தில் கட்டிய வலைத்தடுப்பு நின்றது. பிட்சர் வீசிவிட்டு அதன் பின்னால் ஒதுங்கிக்கொள்ளலாம். டெரலுக்கு அது இடைஞ்சலாக இருந்தது. கை முழுதாகச் சுழலவில்லை. ஒரு பந்து சட்டத்தில் பட்டு உருண்டது. மராக்குக்கு எரிச்சல் வந்தது.

"என்னடா கொஞ்சி விளையாடறே? அந்தக் கூண்டைத் தள்ளு."

"தள்ளிடவா கோச்?"

"தள்ளுடா. ஆட்டத்துல யார் உனக்கு வலை கட்டப்போறா? முழு வேகத்துல போடு."

டெரல் தானே அதை இழுத்துப் புல்லில் விட்டான். மேட்டுக்குத் திரும்பி வந்து மூன்று பந்து போட்டான். மூன்றாவதை ரே அடித்தான்.

சத்தத்துக்கும் டெரல் விழுந்ததற்கும் நடுவில் இடைவெளியே இல்லை. கையுறையைத் தூக்கக்கூட நேரமில்லை. இடது கண்ணில் பட்டிருந்தது. மராக் ஓடிப்போய் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டார். ரே பேட்டைப் போட்ட இடத்திலேயே மண்டியிட்டு அழுதுகொண்டிருந்தான். ஆம்புலன்ஸ் வருவதற்குள் மராக் ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். கிப் லேண்டர்ஸ் அந்த ஐந்து பேட்டுகளையும் பொறுக்கிப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தான்.

அந்த ஜிப் இழுபட்ட சத்தம் அவரைக் கடைசி வரை விடவில்லை.

நடீன் சமையலறை வலைத்தொப்பியைக்கூடக் கழற்றாமல் மூன்று மணி நேரம் வண்டி ஓட்டி வந்து சேர்ந்தாள். கண் போய்விட்டது என்று டாக்டர் அவளிடம் சொல்லிவிட்டிருந்தார். அவள் மராக்கிடம் வந்து நின்றாள்.

"எப்படி நடந்துச்சு?"

"அந்தப் பேட்டுதாங்க. அது பேட்டே இல்ல. துப்பாக்கி."

அவ்வளவுதான் சொன்னார். அதில் பொய் ஒன்றுமில்லை. வலையைப் பற்றி அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மறுவாரம் விளையாட்டுத் துறைத் தலைவர் வாரன் ஸ்டெக்கால் அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். மேஜைமேல் கம்பெனியிலிருந்து வந்த கடிதம் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் பழக்கூடை அனுப்பியிருக்கிறார்களாம்.

"விபத்துன்னு ஒரே வரி, ஆல்வின். அதுக்கு மேல யார்கிட்டயும் ஒண்ணும் பேச வேணாம். புது ஸ்கோர்போர்டு அவங்கதான் போட்டுத் தரப்போறாங்க."

"ஒரு பையனோட கண்ணுக்குப் பதிலா ஸ்கோர்போர்டா? அதுல எதைய்யா எழுதப் போறே? நமக்கு ஒரு கண்ணு, அவங்களுக்கு சைபர்னா?"

கதவை அறைந்து சாத்திவிட்டு நேராகக் கிடங்குக்குப் போனார். அணியிடம் இருந்த இருபத்திரண்டு அலுமினியப் பேட்டுகளையும் அள்ளிக்கொண்டு போய் பேட்காரன் நிற்கும் ஹோம் பிளேட் மேல் வரிசையாகப் பரப்பினார். தரை சமன்செய்யும் உருளையை டிராக்டரில் மாட்டி, அவற்றின்மேல் முன்னும் பின்னும் ஓட்டினார். வகுப்பிலிருந்து பிள்ளைகள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். நசுங்கியதையெல்லாம் பெட்டியில் கட்டித் தபாலாபீசுக்குத் தூக்கிப் போனார். பெட்டி கலகலத்தது.

"என்ன ஆல்வின், யாரோட எலும்பு இது?" என்றாள் தபால்காரி.

"எட்டு வருஷமா நான் தின்ன சோறு. திருப்பி அனுப்பறேன்."

அந்த வருடக் காசோலையையும் கிழித்து அதே பெட்டிக்குள் போட்டிருந்தார்.

அதிலிருந்து அவர் வாழ்க்கையே சண்டைதான். விதிக்குழுவுக்குக் கடிதம், கம்பெனித் தலைவருக்குக் கடிதம், செனட்டருக்குக் கடிதம். இரண்டு விரலால் தட்டச்சு இயந்திரத்தைக் குத்துவார். ரோஸலி எழுத்துப்பிழை திருத்தித் தருவாள். ஜனவரியில் கோச்சுகளின் ஆண்டுக் கூட்டம் நடந்தது. பெரிய ஓட்டல், நானூறு பேர். காலைச் சாப்பாடு கம்பெனி உபயம். கிப் லேண்டர்ஸ் மேடையோரம் நின்று கை குலுக்கிக்கொண்டிருந்தான். மராக் எழுந்து நின்றார்.

"உங்க தட்டுல இருக்கற முட்டைய யாரு வாங்கிக் கொடுத்தான்னு பாருங்கய்யா! இருபது வயசுப் பையன் ஒருத்தன் கண்ணில்லாமக் கிடக்கான். இங்க நீங்க அவங்க கொடுத்த முட்டைய ஊதி ஊதித் தின்னுக்கிட்டு இருக்கீங்க!"

யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பக்கத்து மேஜையிலிருந்த ஹோமர் வைஸ் இருபது வருட நண்பர், அண்டைக் கல்லூரியின் கோச். அவர்தான் மெல்லச் சொன்னார்: "உட்காரு ஆல்வின். நீயும் அதே முட்டையத்தானே எட்டு வருஷம் தின்னே."

"தின்னேன். அதான் இப்ப வாந்தி எடுக்கறேன்!"

இரண்டு ஊழியர்கள் வந்து அவர் தோளைத் தொட்டு வெளியே கூட்டிப் போனார்கள்.

அடுத்த இரண்டு பருவமும் அவருடைய அணி மரப் பேட்டோடுதான் ஆடியது. எதிரணிகள் அலுமினியத்தால் விளாசின. இவர்கள் தோற்றுக்கொண்டே இருந்தார்கள். நல்ல ஆட்டக்காரர்கள் வேறு கல்லூரிகளுக்குப் போய்விட்டார்கள். பெற்றோர்கள் வேலிக்கு வெளியே நின்று கத்தினார்கள். கத்துவது அவருக்கு உறைக்கவில்லை. 1993 ஏப்ரலில் ஒரு ஆட்டம். எதிரணிக்காரன் அடித்த பந்து அவருடைய பிட்சரின் தொப்பி விளிம்பைச் சீவிக்கொண்டு போனது. பையன் வெளிறிப்போய் நின்றான். மராக் மேட்டுக்கு நடந்து போய் அவன் கையிலிருந்த பந்தை வாங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

"எல்லாரும் பஸ்ல ஏறுங்க."

"கோச், நாம ரெண்டு ரன் முன்னால இருக்கோம்!" என்று அலறினான் ஒருவன். அந்த மாதத்திலேயே முதல் முறையாக முன்னால் இருந்தார்கள்.

"ஏறுடான்னேன்!"

 ஊர் வந்து சேர்ந்ததும், அலறியவன் இறங்கி, பஸ் கதவை ஓங்கி உதைத்துவிட்டுப் போனான். மறுநாள் ஸ்டெக்கால் அவரை வேலையிலிருந்து நீக்கினார். முப்பத்தோரு வருடத்துக்கு ஒரு பித்தளைப் பலகை கொடுத்தார்கள். அதை ஸ்டெக்கால் மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தார். ஆறு மாதத்தில் மைதானத்தில் புது ஸ்கோர்போர்டு எழும்பியது. கம்பெனியின் பெயர், சாலையிலிருந்தே படிக்கலாம்.

மராக் பள்ளிக்கூட பஸ் ஓட்டப் போனார். கடிதங்கள் நிற்கவில்லை. சாப்பாட்டு மேஜையில், சர்ச் வாசலில், முடிவெட்டும் கடையில், எங்கே உட்கார்ந்தாலும் பேட், கம்பெனி, கிப், ஜிப். மக்கள் அவரைக் கண்டால் சாலையின் மறுபக்கம் போனார்கள். அப்புறம் 1998-இல் கல்லூரி ஆட்டங்களின் மேல்மட்டத்தில் பேட்டுகளின் வேகத்துக்கு ஒரு வரம்பு கொண்டுவந்தார்கள். மராக்குக்கு அதில் ஒரு மகிழ்ச்சியும் இல்லை. "ஏழு வருஷம் கழிச்சாடா தோணுச்சு?" என்று பேப்பரைச் சுருட்டி எறிந்தார்.

ஆனால் மாவட்டப் பத்திரிகையிலிருந்து ஒரு பெண் நிருபர் வந்து அவரோடு இரண்டு மணி நேரம் பேசினாள். ஞாயிற்றுக்கிழமை முழுப் பக்கம் வந்தது. கண்ணிழந்த மாணவனுக்காகத் தன்னந்தனியாகப் போராடிய கோச். டெரல் எனக்கு மகன் மாதிரி என்று அவர் சொன்னது பெரிய எழுத்தில் இருந்தது. முடிவெட்டும் கடையில் அதை ஒட்டி வைத்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை காலையில் அவர் முற்றத்தில் புல்வெட்டும் இயந்திரத்தைக் கவிழ்த்துப் போட்டு பிளேடைச் சாணை பிடித்துக்கொண்டிருந்தார். சேறு அப்பிய லாரி ஒன்று வந்து நின்றது. இறங்கியவனை முதலில் அடையாளம் தெரியவில்லை. தோள் அகன்றிருந்தது. கிணற்றுத் துளை போடும் வேலைக்காரனின் கைகள். இடது கண் அசையவில்லை. கையில் அந்தப் பத்திரிகை.

"மகன் மாதிரியா?" என்றான் டெரல்.

மராக் எழுந்து நின்றார். முழங்கால் நொடித்தது. "டெரல்! வாடா, வாடா…"

"இருங்க. மகன் மாதிரின்னு போட்டிருக்கே. ஏழு வருஷத்துல எந்த அப்பனாவது மகனைப் பார்க்க வராம இருப்பானா?"

"உனக்காகத்தானேடா சண்டை போட்டேன்? என் வேலையே போச்சேடா."

"நான் போடச் சொன்னேனா? கமிட்டிக்கு எழுதுனீங்க. கம்பெனிக்கு எழுதுனீங்க. செனட்டருக்கு எழுதுனீங்க. எனக்கு ஒரு தபால் கார்டு போட்டீங்களா கோச்? இருட்டுல உட்கார்ந்துக்கிட்டு, யாரு வருவா யாரு வருவான்னு வருஷக் கணக்கா பார்த்துக்கிட்டு இருந்தேன். நீங்க என் கண்ணைத் தூக்கிக்கிட்டு ஊரூரா காட்டப் போயிட்டீங்க."

ரோஸலி வாசலுக்கு வந்துவிட்டிருந்தாள். "உள்ள வா டெரல். காபி போட்டிருக்கேன்."

"வேண்டாங்க. இவர்மேல கோபமா வந்திருக்கேன். உங்க காபியைக் குடிச்சா அது போயிடும்." பத்திரிகையை விரித்து மராக்கின் முகத்துக்கு நேரே பிடித்தான். "முழுப் பக்கம். நாலு தடவை படிச்சுட்டேன். வலையைப் பத்தி இதுல எங்க இருக்கு?"

மராக்கின் முகம் இரத்தமாகச் சிவந்தது. முப்பத்தோரு வருடமாக அம்பயர்களை நடுங்கவைத்த அதே சிவப்பு.

"என் வாசல்ல வந்து நின்னு என்னையே கேள்வி கேட்கறியா? போடா வெளிய! போ!"

டெரல் பத்திரிகையை மடித்துக் கவிழ்ந்து கிடந்த இயந்திரத்தின்மேல் வைத்தான். லாரியில் ஏறிப் போய்விட்டான்.

ரோஸலி நகரவில்லை.

"எந்த வலை?" என்றாள்.

அவர் பிளேடை எடுத்துச் சாணைக் கல்லில் வைத்தார்.

"ஆல்வின். எந்த வலை?"

அப்போதுதான், ஏழு வருடத்தில் முதன்முறையாக, அவர் அதை வாய்விட்டுச் சொன்னார். தள்ளச் சொன்னது நான்தான் என்று. சொல்லி முடித்ததும், வரிசையாகக் காரணங்கள் வந்தன. அந்தப் பேட் இல்லாவிட்டால் ஒன்றும் ஆகியிருக்காது, ஆட்டத்தில் வலை கிடையாது, எல்லாக் கோச்சும் செய்வதுதான். அவள் கையை உயர்த்தினாள்.

"ஏழு வருஷமா அந்தக் கம்பெனிக்காரனைத் திட்டித் திட்டி என் காதைப் புண்ணாக்கினே. நானும் உன் பிழையெல்லாம் திருத்திக் கொடுத்துக்கிட்டு இருந்தேன். பெரிய பிழை எங்க இருக்குன்னு எனக்கே தெரியல பாரு."

உள்ளே போனாள். அன்றிலிருந்து ஒன்பது நாள் அவரோடு பேசவில்லை. தட்டை வைப்பாள், எடுப்பாள். மராக் முதலில் அவள்மேல் கோபப்பட்டார், பிறகு டெரல்மேல், பிறகு நிருபர்ப் பெண்மேல். தட்டச்சு இயந்திரத்தின் முன் உட்கார்ந்து, கம்பெனிக்கு என்று ஆரம்பித்து, இரண்டு வரிக்கு மேல் போகாமல் தாளை உருவிப் போட்டார். ஐந்தாவது தாளைக் கசக்கும்போது கை நின்றது. யாரைத் திட்ட உட்கார்ந்தோம் என்பது அவருக்கே தெரியவில்லை. இயந்திரத்தைத் தூக்கிச் சுவரில் அடித்தார்.

பத்தாம் நாள் காலையில் தனியாக மேற்கே வண்டி ஓட்டிப் போனார். கதவைத் திறந்தது நடீன். தலை நரைத்திருந்தது. உள்ளே வாருங்கள் என்று அவள் சொல்லவில்லை. அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரில எப்படி நடந்துச்சுன்னு கேட்டீங்க. நான் பாதிதான் சொன்னேன்."

"மீதியைச் சொல்லு."

சொன்னார். அவள் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அவன் அந்த வாரமே என்கிட்டச் சொல்லிட்டான்" என்றாள். "கேஸ் போடலாம்டான்னு நான் சொன்னேன். வேணாம், கோச் வந்து சொல்லுவாருன்னான். அவரு அப்படிப்பட்டவர் இல்லைம்மான்னு உனக்காக என்கிட்டயே சண்டை போட்டான். ஒரு வருஷம் சொன்னான். ரெண்டாம் வருஷமும் சொன்னான். அதுக்கப்புறம் உன் பேரையே எடுக்கறதில்ல. கண்ணு போனதை நான் பொறுத்துக்கிட்டேன்யா. அவன் அப்படி வாசலைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்ததைப் பொறுக்க மாட்டேன்."

கதவைச் சாத்திவிட்டாள்.

டெரல் வேலை முடிந்து வரும்வரை மராக் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். நாலு மணிக்கு அவன் வந்தான். ஜன்னலருகே வந்து குனிந்தான்.

"மறுபடி என்ன?"

"வலையைத் தள்ளச் சொன்னது நான். உன்னை வந்து பார்க்காதது, பயத்துல. உன் மூஞ்சியப் பார்த்தா கோபம் போயிடும்னு பயம். அது போச்சுன்னா அடியில என்ன இருக்கும்னு எனக்குத் தெரியும்டா."

டெரல் நிமிர்ந்து நின்றான். பிறகு, "என்கிட்டச் சொல்லி என்ன? எனக்குத் தெரிஞ்சதுதானே. பேப்பர்ல போடுங்க" என்றான்.

போட்டார். அதே பத்திரிகையில், ஒன்பது வரி. பேட்டைப் பற்றி எழுதியதில் ஒரு சொல்லைக்கூடத் திரும்பப் பெறவில்லை, அது இன்றும் துப்பாக்கிதான், ஆனால் அதன் குறிக்கு நேரே பையனை நிற்கவைத்தது நான் என்று எழுதியிருந்தார். முடிவெட்டும் கடையில் ஒட்டியிருந்த பக்கத்தை மறுநாளே கிழித்துவிட்டார்கள். கம்பெனி அந்த ஒன்பது வரியை அச்சடித்து எல்லாக் கல்லூரிகளுக்கும் அனுப்பியது. ஸ்டெக்கால் பார்த்தவர்களிடமெல்லாம், "நான் அப்பவே விபத்துன்னு சொன்னேன்" என்றார். மராக் அதைக் கேட்டு ஸ்டெக்காலைத் தேடிப் போய், சர்ச் வாசலிலேயே, "விபத்து இல்லய்யா. ரெண்டு பேரு பண்ணின தப்பு. ஒருத்தன் ஒத்துக்கிட்டான். இன்னொருத்தனோட ஸ்கோர்போர்டு உன் மைதானத்துல நிக்குது" என்று கத்தினார். ரோஸலி அன்று அவரைத் தடுக்கவில்லை.

ரே ஒல்சோவ்ஸ்கியை அவர் நினைத்தே பார்த்ததில்லை. அந்தப் பையன் விபத்து நடந்த அடுத்த மாதமே படிப்பை விட்டுவிட்டு அப்பாவின் தீவனக் கடையில் உட்கார்ந்துவிட்டான். அடித்தது அவன்தான் என்று ஊரே சொன்னது, அவனும் அதையே நம்பிக்கொண்டான். மராக் கடைக்குப் போனபோது அவன் கல்லாவுக்கு அடியில் அந்தப் பத்திரிகையை வைத்திருந்தான்.

"இதை அப்பவே சொல்லியிருக்கலாமே கோச்" என்றான். குரல் உயரவில்லை. "என் கல்யாணத்துக்கு டெரலைக் கூப்பிடல. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கூப்பிடறதுன்னு. எத்தனை வருஷம் பாருங்க."

 ரே எழுந்து வாடிக்கையாளர் ஒருவருக்கு மூட்டை தூக்கிப் போட்டுவிட்டு வந்தான். மறுமாதம் அவனும் டெரலும் சந்தித்துக்கொண்டார்கள் என்று அவர் கேள்விப்பட்டார்.

சில வருடம் கழித்து டெரல் அவன் ஊர்ப் பள்ளிக்கூட அணிக்கு மாலை நேரக் கோச் ஆனான். ஒரு நாள் அவனே போன் செய்தான். பிட்சர் ஒருவனுக்குப் பந்து வளையவில்லை, வந்து பார்க்க முடியுமா என்று. அதன்பின் வசந்த காலத்தில் வாரம் ஒரு முறை மராக் மூன்று மணி நேரம் ஓட்டிப் போனார். பயிற்சி தொடங்கும் முன் வலைத்தடுப்பைத் தானே இழுத்து வந்து மேட்டுக்கு முன் நிறுத்துவார். இருவரும் மாறிமாறிக் கத்திக்கொள்வார்கள். மன்னித்துவிட்டேன் என்று டெரல் ஒரு நாளும் சொல்லவில்லை. மராக் கேட்கவுமில்லை.

நடீன் கடைசிவரை அவரை வீட்டுக்குள் கூப்பிடவில்லை. ஊர் திரும்பும் வழியில் அவர் அவள் வாசலில் வண்டியை நிறுத்தி, பயிற்சி எப்படிப் போனது என்று முற்றத்தில் நின்றபடியே சொல்வார். அவளும் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டே கேட்பாள். "சரி, கிளம்பு. இருட்டப் போகுது" என்பாள். அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு கிளம்புவார்.